குடாவுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

மடவளை பசாரில் வாப்பா வைத்த மீன் கடையை இப்போது என் தம்பி மகன் நடத்துகிறான். போன மாதம் ஒரு காலையில் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஐஸ் பெட்டியில் எட்டுக் கொடுவா கிடந்தன. எங்கள் பக்கத்தில் மோதா என்றுதான் கேட்பார்கள். எட்டும் ஒரே நீளம், ஒரே பருமன். கடலில் வலைபோட்டுப் பிடித்த மீன் அப்படி அளவெடுத்தாற்போல் வராது. ஒரு பெண் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது கடல் மீனா, வளத்த மீனா?" என்று கேட்டார்.

"கடல்லயே வளத்தது ராத்தா. திருகோணமலையிலிருந்து வந்தது."

"கடல்ல என்னத்தப் போட்டு வளக்கிறாங்க? அத யாரு போய்ப் பாக்கிறது?"

தம்பி மகன் என்னைப் பார்த்தான். முப்பத்தாறு வருடம் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். அந்த இடத்தில் இரண்டு வாக்கியத்தில் என்னவோ சொல்லி அனுப்பினேன். அவர் மீனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. அவருக்கு ஒழுங்காகச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கண்டி மலையில் இருந்துகொண்டு கடல் மீன் பண்ணையைப் பற்றி இவன் ஏன் எழுதுகிறான் என்று கேட்கலாம். எங்கள் ஊரிலிருந்து கண்டிக்குப் போகும் வழியில் பொல்கொல்லை அணைக்கட்டு இருக்கிறது. அங்கே மகாவலி இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு நீர் எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்துக்குள் புகுந்து உக்குவளை மின்நிலையத்துக்குப் போகிறது. மற்றப் பங்கு ஆற்றோடு விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு இறங்குகிறது. சுரங்கத்தால் போன நீரில் வயலுக்குத் திரும்பியது போக எஞ்சியது அம்பன் கங்கையோடு சேர்ந்து, கீழே மறுபடி மகாவலியில் கலக்கிறது. 335 கிலோமீற்றர் ஓடிய பிறகு ஆறு மூதூர்ப் பக்கம் கொட்டியாரக்குடாவில் விழுகிறது. மடவளைக் கூரையில் பெய்த மழையும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும்.

இதை நான் வரைபடத்தில் படித்து அறியவில்லை. 1982இல் என் முதல் நியமனம் மூதூரில். திருகோணமலையிலிருந்து லோஞ்சில் குடாவைக் கடந்து போக வேண்டும். மார்கழி மாதம், வடகீழ்ப் பருவ மழை கொட்டித் தீர்த்த நேரம். நடுக்குடாவில் நீலத் தண்ணீருக்குள் கபில நிறத்தில் ஒரு பட்டை, கோடு கிழித்ததுபோல் நின்றது. பக்கத்தில் இருந்த முதியவர், "அது உங்கட கண்டித் தண்ணி, சேர்" என்றார். ஊர் நினைவில் வாடியிருந்த எனக்கு அந்த ஒரு சொல் பெரிய ஆறுதல். அந்த நிறம் எங்கள் மலையின் மண் என்பது பிறகுதான் உறைத்தது.

இன்று திருகோணமலைக் கடலில் மிதக்கும் கூடுகளில் கொடுவா வளர்கிறது. ஓஷன்பிக் என்ற நிறுவனம் இதைப் பெரிய அளவில் செய்துவருகிறது. கூடு என்பது கறுப்புப் பிளாஸ்டிக் குழாயால் செய்த மிதக்கும் வளையம். அதிலிருந்து வலை பை போலக் கீழே தொங்கும், அடியில் நங்கூரம். கொடுவா நம் கடலுக்குச் சொந்தமான மீன்தான். கழிமுகத்திலும் களப்பிலும் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும். ஆணாக முதிர்ந்து பிறகு பெண்ணாக மாறும் வினோதப் பிறவி. வெளிநாட்டு மீன் தப்பி ஓடி நம் மீனை அழித்துவிடுமோ என்ற பயம் இதில் பெரிதாக இல்லை. இயற்கை மீனை மட்டும் நம்பியிருந்தால் கடல் தாங்காது, வளர்ப்பும் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்தப் பெண்ணின் இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது.

மாட்டுத் தொழுவத்தில் சாணத்தை வாரிக் கொட்டலாம். கடல் கூட்டுக்கு அடித்தளம் இல்லை. ஒரு கிலோ கொடுவா வளர ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ வரை உலர் தீன் போட வேண்டும். மீன் தின்னாமல் விட்டதும், தின்று கழித்ததும் கீழே இறங்கும். ஆழமும் நீரோட்டமும் உள்ள இடமென்றால் அது பரவிப்போகும். புழுவும் நண்டும் தின்று தீர்க்கும். தேங்கிய நீரென்றால் ஒரே இடத்தில் குவியும். குவிந்தது அழுக ஒட்சிசன் வேண்டும். அடிமண்ணில் ஒட்சிசன் தீர்ந்ததும், அது இல்லாமல் வாழும் பற்றீரியாக்கள் வேலையை எடுத்துக்கொள்ளும். மண் கறுக்கும், கூழ்முட்டை நாற்றம் வரும். மண்மேல் வெள்ளைப் பஞ்சு போல ஒரு படலம் படியும். பல வகைப் பிராணிகள் வாழ்ந்த தரையில் மிஞ்சுவது ஒன்றிரண்டு வகைப் புழு மட்டுமே.

ஆகவே கண்காணிப்பு என்றால் கூட்டைச் சுற்றிப் படகில் ஒரு சுற்றுப் போய்வருவது போதாது. இரும்பு வாய் கொண்ட கவ்வியைக் கயிற்றில் இறக்கி அடிமண்ணை அள்ளி, நிறம் பார்த்து, மணம் பார்த்து, சலித்து, எத்தனை வகைப் பிராணி இருக்கின்றன என்று எண்ண வேண்டும். கூட்டுக்கு நேர் கீழே ஓரிடம், சற்றுத் தள்ளி ஓரிடம், பண்ணையின் வாடையே படாத தூரத்தில் ஓரிடம் என்று எடுத்து ஒப்பிட வேண்டும். பண்ணை வருவதற்கு முன்பே ஒருமுறை அளந்து வைத்திருக்க வேண்டும். அந்த முதல் அளவு இல்லாவிட்டால், பின்னால் கெட்டுப்போனது என்று யாரும் நிரூபிக்க முடியாது. இல்லை, முன்பும் இப்படித்தான் இருந்தது என்று ஒருவர் சொன்னால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீரில் கரைந்த ஒட்சிசன் பகலில் கூடும், இரவில் குறையும். வெயிலில் பாசிகள் ஒட்சிசன் விடும்; இருட்டில் அவையும் மீனோடு சேர்ந்து அதை எடுத்துக்கொள்ளும். ஆகக் குறைந்த அளவு விடியலுக்குச் சற்று முன். பகல் பத்து மணிக்கு வந்து லீற்றருக்கு ஆறு மில்லிகிராம் என்று எழுதிக்கொண்டு போனால், விடியற்காலையில் அது மூன்றுக்கு இறங்கியிருந்தது யாருக்கும் தெரியாது. சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அளக்க வேண்டிய ஒன்றைக் கந்தோர் நேரத்தில் அளந்து என்ன பயன்?

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்ததைவிட என் ராத்தாவின் வீட்டில் படித்ததுதான் கூட. ராத்தா புத்தளத்தில் வாழ்க்கைப்பட்டவர். 1990களின் தொடக்கத்தில் அந்தக் கரை முழுவதும் இறால் பேச்சு. சிலாபம், முந்தல், உடப்பு, புத்தளம் என்று களப்போரமெல்லாம் குளம் வெட்டினார்கள். கண்டல் காடு பல இடங்களில் விழுந்தது. மச்சான் மூன்று ஏக்கரில் இரண்டு குளம் போட்டார். அதில் வாப்பாவின் காசும் இருந்தது, என் சம்பளத்தில் சேர்த்ததும் இருந்தது. முதல் இரண்டு அறுவடையில் அவர் மோட்டார் சைக்கிள் வாங்கினார். ராத்தா கழுத்தில் சங்கிலி ஏறியது.

1996இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. வைரசு நோய், மனிதனுக்கு ஒன்றும் செய்யாது, இறாலை விடாது. விடுமுறைக்குப் போயிருந்தேன். அதிகாலையில் மச்சான் என்னை எழுப்பிக் குளத்தடிக்குக் கூட்டிப்போனார். இறால்கள் கரையோரம் வந்து ஒதுங்கி நின்றன. தீனைத் தொடவில்லை. ஒன்றை எடுத்து ஓட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே சுண்ணாம்புப் பொட்டுகள். ஒரு கிழமைக்குள் குளம் காலி. பக்கத்துக் குளக்காரர் இரவோடிரவாக மதகைத் திறந்து நோய்த் தண்ணீரைக் கால்வாயில் விட்டார். விடிந்ததும் அதே கால்வாயிலிருந்து அடுத்தவர் பம்பு போட்டு இறைத்தார். அந்தக் கரையில் ஒல்லாந்தர் கால்வாய்தான் களப்புகளைத் தொடுக்கிறது. பண்ணைகளுக்குக் குடிதண்ணீரும் அதுவே, கழிவுக் கானும் அதுவே. குஞ்சு தந்த பொரிப்பகத்தில் சோதனை செய்து தந்தார்களா என்று மச்சானுக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்றும் அப்போது யாருக்கும் தெரியாது. மோட்டார் சைக்கிள் போயிற்று, சங்கிலி போயிற்று. வாப்பா அந்தக் காசைப் பற்றி மௌத்தாகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

சட்டமே இல்லாத நாட்டில் இது நடக்கவில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருந்தது. 1988இல் அதைத் திருத்தி, பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்றார்கள். எவை பெரிய திட்டங்கள் என்று 1993இல் வர்த்தமானியில் பட்டியல் போட்டார்கள். நீருயிரின வளர்ப்பில் கோடு 4 ஹெக்டயர்; அதற்கு மேல் போனால்தான் மதிப்பீடு. நம் கணக்கில் ஏறத்தாழப் பத்து ஏக்கர். மச்சானின் மூன்று ஏக்கர் அதற்குள் வராது. அவருக்கு இடப்பக்கத்தவரின் ஐந்து ஏக்கரும் வராது, வலப்பக்கத்தவரின் இரண்டு ஏக்கரும் வராது. ஒவ்வொருவரும் சிறியவர். எல்லாரும் சேர்ந்து குடித்ததும் கழித்ததும் ஒரே கால்வாயில். தனித்தனிப் பண்ணையை அளந்த சட்டம், களப்பு எவ்வளவு தாங்கும் என்று கேட்கவேயில்லை. இவ்வளவும் எழுத உட்கார்ந்தது இதைச் சொல்லத்தான்.

அதே 1996ஆம் ஆண்டில் வேறிரண்டு காரியமும் நடந்தன. நம் நாடாளுமன்றம் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தை நிறைவேற்றியது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் நீருயிரின வளர்ப்பில் ஈடுபடக்கூடாது என்பது அதில் வந்தது. கடலுக்கு அப்பால், நாகப்பட்டினத்து வயல்களை இறால் பண்ணைகள் உப்பாக்குவதை எதிர்த்து, கிருஷ்ணம்மாள் என்பவரும் அவர் கணவர் ஜெகந்நாதனும் ஏழைப் பெண்களைத் திரட்டிப் போராடியிருந்தார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் டிசம்பர் 11ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கரையோர ஒழுங்குவிதி எல்லைக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும், பாரம்பரிய முறைப் பண்ணைகளுக்கு மட்டும் விலக்கு. அதன் தொடர்ச்சியாக 2005இல் அங்கே கரையோர நீருயிரின வளர்ப்பு அதிகாரசபைக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அங்கே நீதிமன்றம் நிறுத்தச் சொன்னதை இங்கே வைரசு நிறுத்தியது.

அடிபட்ட பிறகு நாமும் சிலவற்றைச் சரியாகச் செய்தோம். 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை உருவானது. வாய்ப்பேச்சில் நக்டா. அவர்கள் வட மேல் கரையை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எந்த மாதம் குஞ்சு விடலாம் என்று பண்ணையாளர் சங்கங்களோடு சேர்ந்து நாட்காட்டி போட்டார்கள். குஞ்சுகளுக்கு வைரசுச் சோதனை வந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் இறைக்காமல், களப்புக்கு மூச்சுவிட இடைவெளி கிடைத்தது. விவசாயிக்குத் தெரிந்த முறைதான், குளத்து நீரைக் கண்ணக் கூட்டத்தில் பேசிப் பங்கிடுவதுபோல. நோய் முற்றாக ஒழியவில்லை. ஆனாலும் தண்ணீரை ஒன்றாக நினைத்துச் செய்த முதல் ஏற்பாடு அது. மச்சான் மறுபடி குளத்தில் இறங்கவில்லை. அவர் தம்பி இறங்கி இன்றும் பிழைக்கிறார்.

இனிக் கடலுக்கு வருவோம். கடலில் கூடு போட இன்று பல கதவுகளைத் தட்ட வேண்டும். வளர்ப்பு அனுமதிப்பத்திரம் ஒரு பக்கம். கரையிலிருந்து இரண்டு கிலோமீற்றர் கடல் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி கரையோர வலயம், அதற்குக் கரையோரம் பேணல் திணைக்களம். மாசு என்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும், 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சமுத்திரச் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபையும். ஆராய்ச்சிக்கு நாரா நிறுவனம். வட மேல் மாகாணத்துக்கென்றால் 1990இலிருந்து தனியான சுற்றாடல் நியதிச் சட்டமே உண்டு. கதவுகள் போதாது என்று நான் சொல்லவில்லை. தட்டியவருக்குத் தனித்தனியே பதில் சொல்கிறார்கள். குடாவின் மொத்தக் கணக்கு எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது?

பழைய 4 ஹெக்டயர்க் கோட்டைக் கடல் கூட்டுக்கு வைத்துப் பாருங்கள். நான் பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டேன். 20 மீற்றர் விட்டமுள்ள ஒரு வளையத்தின் பரப்பு 314 சதுர மீற்றர். 4 ஹெக்டயர் என்றால் 40,000 சதுர மீற்றர். வளையங்களின் பரப்பை மட்டும் கூட்டினால் நூறு கூடு போட்டாலும் கோட்டைத் தாண்டாது. வலை எட்டு மீற்றர் ஆழம், கன மீற்றருக்கு 15 கிலோ மீன் என்று வையுங்கள். ஒரு கூட்டில் 37 தொன் வரும், நூறு கூட்டில் மூவாயிரத்து எழுநூறு தொன். அத்தனை மீனின் கழிவும் கீழே போகும். குளத்துக்குப் பரப்பளவு பொருந்தும். கூட்டுக்கு உள்ளே எத்தனை தொன், கீழே எத்தனை மீற்றர் ஆழம், நீரோட்டத்தின் வேகம் என்ன என்பவைதான் அளவுகோல்.

நோர்வேயில் சல்மன் மீனுக்குப் பொதுவான உரிமம் ஒன்றுக்கு 780 தொன் என்று எடையால்தான் எல்லை வைத்திருக்கிறார்கள். மீனின் உடலில் ஒட்டி வாழும் கடல் பேன், ஒரு மீனுக்குச் சராசரியாக அரைப் பெண் பேனுக்கு மேல் ஏறக்கூடாது, வசந்த காலத்தில் அதிலும் குறைவு. கடல் பேனை வாரந்தோறும் எண்ணி அறிவிக்க வேண்டும். அந்த எண்ணிக்கையை யாரும் இணையத்தில் பார்க்கலாம். 2017இலிருந்து கரை முழுவதையும் 13 பகுதியாகப் பிரித்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுக்கிறார்கள். பேனால் காட்டுச் சல்மன் குஞ்சு சாவது கூடினால் அந்தப் பகுதி முழுவதும் சிவப்பு. அங்குள்ள பண்ணைகள் உற்பத்தியை 6 வீதம் குறைக்க வேண்டும். என் பண்ணை சுத்தம், எனக்கேன் தண்டனை என்று அங்கேயும் சண்டைதான். ஆனாலும் நிறம் பகுதிக்கு, தனிப் பண்ணைக்கு இல்லை. நம் நாட்காட்டி வலயமும் அவர்களுடைய நிறப் பகுதியும் ஒரே யோசனையின் இரண்டு வடிவம் என்று எனக்குப் படுகிறது.

பணக்கார நாட்டிலும் கண் அசந்தால் நடப்பது நடக்கும். 2017 ஓகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பெரிய கூடு உடைந்து இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சல்மன் தப்பின. வலையில் சிப்பியும் பாசியும் தொன் கணக்கில் படிந்து, நீரோட்டத்தின் இழுவையைக் கூடு தாங்கவில்லை என்று மாநில விசாரணை சொன்னது. வலை கழுவாததால் வந்த வினை.

வடக்கில் பிரச்சினை வேறு மாதிரி. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார் ஆழமில்லாக் கடலில் கம்பு நட்டு வலை அடைத்துக் கடலட்டை வளர்க்கிறார்கள். அட்டைக்குத் தீன் போட வேண்டியதில்லை, மண்ணைத் தின்று மண்ணைக் கழிக்கும். அழுக்குக் கணக்கில் பார்த்தால் கொடுவாக் கூட்டைவிடச் சுத்தம். அங்கே சண்டை இடத்துக்கு. சிறகுவலைக்காரருக்கும், இடுப்பளவு நீரில் இறால் பொறுக்கும் பெண்களுக்கும் அதுதான் வயல், படகுக்கு அதுதான் பாதை. 2021இல் கௌதாரிமுனைப் பண்ணையொன்றின் அனுமதிபற்றிக் கேள்வி எழுந்தது. 2022 ஜூனில் நான்கு மாவட்டங்களில் 5,000 ஏக்கர் கடலட்டைத் திட்டத்துக்கு அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தது. அந்த ஆண்டில் கிராஞ்சி மக்கள் மாதக்கணக்கில் கரையில் குந்தியிருந்து போராடினார்கள். 5,000 ஏக்கரையும் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று துண்டாக்கிக் கொடுத்தால் எந்தத் துண்டும் 4 ஹெக்டயரைத் தொடாது. மச்சானின் மூன்று ஏக்கர்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

மடவளைக்காரன் கடற்கரைக்காரனுக்குப் புத்தி சொல்வது நியாயமில்லை. நம் பங்கையும் சொல்ல வேண்டும். கண்டி வாவியிலிருந்து புறப்படும் மெத எல நகரத்தின் அழுக்கை ஏந்தி மகாவலியில் விழுகிறது. கொஹாகொட குப்பைமேடு ஆற்றின் ஓரத்திலேயே இருக்கிறது. மலைத் தோட்டத்து மரக்கறிக்குப் போட்ட உரமும் மழையோடு இறங்குகிறது. விக்டோரியாவும் ரந்தெனிகலையும் பெரும்பங்கைப் பிடித்துவைக்கும், உண்மைதான். வெள்ள காலத்தில் எல்லாம் அணையில் நிற்பதில்லை.  அப்படி வெள்ளம் வந்த ஒரு மார்கழியில் குடாவின் உப்புக் குறைந்து, ஒட்சிசன் விழுந்து, கூட்டு மீன் செத்தால் குற்றம் பண்ணைக்காரனதா, நம்முடையதா? மழைக்கு முன்னும் பின்னும், ஆற்று வாயிலும் கூட்டடியிலும் அளந்து வைத்திருந்தால்தான் இதற்குப் பதில் உண்டு. கண்காணிப்பு பண்ணைக்காரரைப் பிடிப்பதற்கு மட்டும் என்று நினைப்பது தவறு. நல்ல பண்ணைக்காரருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

அந்தப் பெண்ணுக்கு என் பதில் இதுதான். பார்ப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், சட்டங்களும் இருக்கின்றன. அவர்கள் அளந்த கணக்கு உங்களிடமும் வர வேண்டும், மூதூர் மீனவரிடமும் வர வேண்டும். குடாவில் உள்ள எல்லாக் கூடுகளின் மொத்தத் தொன், விடியற்கால ஒட்சிசன், அடிமண்ணின் நிலை ஆகியவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தமிழிலும் சிங்களத்திலும் மீனவர் சங்கக் கட்டடச் சுவரில் ஒட்டினால் போதும். ஒரு தாளில் அடங்கும்.

அது வரும்வரை ஒரு வழி நம் கையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் அரச நிறுவனத்திடம் அறிக்கை கேட்கலாம். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தருகிறார்களா இல்லையா என்பதைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். நான் என் விண்ணப்பத்தை எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் ஒன்று எழுதுங்கள்.